பத்துமணிப் பூவில் பனி

நவம்பர் 21, வியாழன்

சுடலைமுத்து வந்திருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அக்கா, நல்ல சேதி" என்று கத்தினால் ஏதோ வேலை வைக்கப் போகிறான் என்று அர்த்தம். பொருநை நிழற்படக் கழகத்துக்கு இப்போது அவன்தான் செயலாளர். இருபத்திரண்டு வயதில் கழகத்துக்கு வந்தவன், இன்றைக்கு அவனுக்கே தலை நரைத்துவிட்டது.

கழகத்துக்கு ஐம்பதாவது வருஷமாம். ஜனவரியில் கண்காட்சி வைக்கிறார்கள். வாசலில் என்னுடைய தேனீப் படம்.

"ஆறடிக்கு நாலடிக்கா. உள்ள வாரவன் அதைப் பாத்துட்டுதான் வரணும்."

"வேற படமே கெடைக்கலையால ஒனக்கு?"

"அவ அப்படித்தான் சொல்லுவா. நீ வை" என்றார் இவர், என் வீட்டுக்காரர்.

படத்துக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு வேண்டுமாம், அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று. "அண்ணாச்சி எழுதினாத்தான் நல்லாருக்கும்" என்றான். அண்ணாச்சிக்கு ஒரு கண்ணில் போன மாதம் புரை எடுத்தாயிற்று, இன்னொரு கண்ணில் திங்கட்கிழமை எடுக்கிறார்கள். படிக்கிற கண்ணாடி கிடைக்க அதற்குப் பிறகும் ஒரு மாதம் ஆகும். "அதனால என்ன? நான் சொல்லுதேன், சௌந்தரி எழுதுவா" என்று இவர் முடித்துவிட்டார்.

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

படம் கூடத்தில் டிவிக்கு மேலே தொங்குகிறது. ரோஸ் நிறப் பத்துமணிப்பூ, நன்றாக விரிந்தது. அதன் நடுவில் உடம்பில் நீலக்கோடு போட்ட தேனீ ஒன்று சுருண்டு தூங்குகிறது. பூவிலும் தேனீயிலும் பனித்துளி. 1992இல் அகில இந்தியப் போட்டியில் தங்கப் பதக்கம். தூசி தட்டும்போது நான் பக்கவாட்டில் நின்றுதான் தட்டுவேன்.

நவம்பர் 22, வெள்ளி

உளுந்து அரைக் கிலோ, சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி. தலையணை உறை மாற்ற வேண்டும்.

நவம்பர் 25, திங்கள்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. கட்டைப் பிரித்ததும் ஆட்டோவில் வரும்போது இவர் வேப்பமரத்தை எல்லாம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். "இம்புட்டுப் பச்சையாவா இருந்துச்சு? நான் காஞ்சு போச்சுன்னுலா நெனச்சேன்" என்றார். பிறகு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். "நீயும் கெழவி ஆயிட்ட, என்ன?"

இரண்டு கண்ணும் தெரிந்த முதல் நாளே இதைச் சொல்ல வேண்டுமா?

நவம்பர் 28, வியாழன்

காலையில் இட்லி முடிந்ததும் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியும் கால்மேல் காலுமாக ஆள் பார்க்கப் பெரிய ஜமீன்தார் மாதிரி இருந்தார். மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் வரைபடம் போட்டவர். ஒரு கோடு கோணினால் தாளையே கிழித்துவிடுவார். குறிப்பையும் அப்படித்தான் சொன்னார், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி.

"1992, ஜனவரி. மார்கழிப் பனி. அலுவலகப் பயிற்சிக்காக நான் சென்னை சென்றிருந்தேன். எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"என் மனைவி ஞானசௌந்தரி அன்று காலை... எத்தனை மணிக்கு எந்திரிச்ச?"

"அஞ்சு மணி இருக்கும்."

"படம் எடுத்தது?"

"ஆறேகால்."

"ஆறேகாலுக்கு வெளிச்சம் பத்துச்சா?"

"பிளாஷ் போட்டேன்லா அத்தான்."

"ஆமா, பிளாஷ்" என்றார். நான் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். செம்பருத்திச் செடியில் அணில் ஒன்று மொட்டைக் கடித்துப் போட்டுக்கொண்டிருந்தது. "சரி, இன்னைக்கு இம்புட்டுப் போதும்" என்றார்.

ஐந்து வரிகள். என் கையெழுத்து இவ்வளவு கோணலாக எப்போதும் இருந்ததில்லை. நாற்காலி உயரம் சரியில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்தோம். சுத்தமான சேலையில் போய்ச் சுத்தமான சேலையிலேயே வந்தேன்.

முன்பு அப்படி இல்லை. ஞாயிறு ஆராதனை எட்டு மணிக்கு. ஆறு மணியிலிருந்து ஏழரை வரை நாங்கள் தோட்டத்தில் முழங்கால் போட்டுக் கிடப்போம். சேலையில் இரண்டு முழங்கால் அளவுக்கு ஈர மண் அப்பியிருக்கும். பாதிரியாரின் மனைவி ஐயரம்மா அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் விடியவிடிய ஜெபம் பண்ணிவிட்டு வருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை.

ஒரே கேமரா. வண்ணார்பேட்டையில் ஸ்டூடியோவை மூடிவிட்டுப் போனவரிடம் பழையதாக வாங்கியது. அதில் லென்ஸைத் திருப்பி மாட்டினால் எறும்பு ஆட்டுக்குட்டி அளவுக்குத் தெரியும். ஒரு ரோலில் முப்பத்தாறு படம். பதினெட்டு அவருக்கு, பதினெட்டு எனக்கு. யார் எத்தனை எடுத்தோம் என்று கேமராவின் முதுகில் பிளாஸ்திரி ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டு வைப்பார். அவரிடம் சில சட்டங்கள் உண்டு. பூவைப் பறிக்கக் கூடாது. பூச்சியைத் தொடக் கூடாது. அழகுக்காகத் தண்ணீர் தெளிக்கக் கூடாது. காற்றில் ஆடுகிற காம்பைத் துணிக்கிளிப்பால் பிடித்து வைக்கலாமா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு இரண்டு நாள் யோசித்துவிட்டு "வேண்டாம்" என்றார்.

அவர் எடுக்கும்போது முகச்சவரக் கண்ணாடியைப் பிடித்து வெயிலைத் திருப்பி விடுவது என் வேலை. வெயில் கூடினால் வெள்ளைக் குடை. அவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது ஓர் அரிசி கனத்துக்குத்தான் தெளிவாக இருக்கும், முன்னும் பின்னும் கலங்கிப் போகும். மூச்சு விட்டால் போதும், பூச்சியின் கண்ணில் இருந்த தெளிவு காலுக்குப் போய்விடும். அதனால் அவர் "மூச்சு" என்பார். இருவரும் பிடித்துக்கொள்வோம். படம் எடுப்பது அவர், நான் எதற்குப் பிடித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் பிடித்தேன். 'டக்' என்று சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் சேர்ந்து மூச்சை விட்டுச் சிரிப்போம்.

என்னவெல்லாம் பார்த்தோம்! செம்பருத்தி மொட்டில் மாவுப்பூச்சியைக் காவல் காக்கும் எறும்பு. துளசி இலையின் அடியில் வரிசை வைத்தாற்போல மஞ்சள் முட்டைகள். தும்பியின் முகத்தை முதன்முதலாகப் பெரிதாகப் பார்த்தபோது, அது நான் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சூப்பர்வைசர் மாதிரி இருக்கிறது என்று நான் சொல்ல, இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நீலக்கோட்டுத் தேனீதான் அவருடைய தீராத ஆசை. அதன் ஆண்கள் கூட்டுக்குப் போகாமல் குச்சியை வாயால் கவ்விப் பிடித்து, காலைத் தொங்கவிட்டபடி தூங்குமாம். பனி கொட்டும் காலையில் அதை ஒருமுறை பார்த்திருக்கிறார், அன்றைக்குக் கேமராவில் பிலிம் இல்லை. பிறகு மூன்று மார்கழி அதற்காகவே தேடினார். கிடைக்கவில்லை.

1992க்குப் பிறகு ஞாயிறு காலை தோட்டம் நின்றுபோயிற்று. அவருக்குப் புரமோஷன் வந்தது, வேலை கூடிவிட்டது. அதுதான் காரணம்.

டிசம்பர் 4, புதன்

இன்றைக்கு இரண்டாவது தவணை. பதக்கம் வந்தது, கழகத்தில் பாராட்டுக்கூட்டம் போட்டது எல்லாம் சொன்னார். பிறகு, "இந்தப் படத்துக்குப் பிறகு நான் கேமராவைத் தொடவில்லை" என்றார்.

நான் எழுதவில்லை. "இதெல்லாம் எதுக்கு?"

"உண்மைதான? எழுது."

"ஏன் தொடல்லன்னு கேப்பாங்கள்லா."

"கேட்டாச் சொல்லுதேன், ஒரு வீட்டுக்கு ஒரு தங்கப் பதக்கம் போதும்னு." அவரே சிரித்துக்கொண்டார். 1992லும் இதையேதான் சொன்னார், இதே சிரிப்போடு.

எழுதினேன்.

கழகத்தில் என்னை யாருக்கும் பெயர் சொல்லித் தெரியாது. மிஸஸ் தனசிங். இரண்டாம் சனிக்கிழமை கூட்டத்தில் எல்லோருக்கும் டீ ஊற்றி முறுக்குத் தட்டை நீட்டுகிற மிஸஸ் தனசிங். என் ஸ்லைடுகளைக் கடைசியில் போடுவார்கள், ஆட்கள் எழுந்து செருப்புத் தேடும் நேரத்தில். 1991 டிசம்பர் கூட்டத்தில் நான் எடுத்த சிலந்திப் படத்தைப் பார்த்துத் தலைவர் இவர் பக்கம் திரும்பி, "தனசிங், இது நீங்க எடுத்ததுதான?" என்று கேட்டார். இவர் இல்லை என்றுதான் சொன்னார். தலைவர் நம்பாமல் கண்ணடித்தார். நான் கையில் டீ கெட்டிலோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. எழுதும்போதே பேனா தாளைக் கிழிக்கிறது.

டிசம்பர் 9, திங்கள்

காலை ஏழு மணிக்குத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். படியில் வரிசையாக இருக்கிற பத்துமணிப்பூ எல்லாம் திரி மாதிரி முறுக்கி மூடிக் கிடந்தன.

பத்தேகாலுக்குப் போய்ப் பார்த்தேன். எல்லாம் விரிந்திருந்தன. படியில் கால் வைக்க முடியாத சூடு. பனி ஒரு பொட்டுக்கூட இல்லை.

கூடத்துக்கு வந்து படத்துக்கு நேராக நின்று பார்த்தேன். வருஷக்கணக்கில் அப்படிப் பார்க்கவே இல்லை.

பேரிலேயே மணி இருக்கிற பூ. ஞாயிறு பத்து மணிக்கு நாங்கள் கோயிலில் இருப்போம், மற்ற நாட்களில் பெரும்பாலும் நான் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனோடு. அது எப்போது விரிகிறது என்று பார்க்க எனக்கு எங்கே நேரம்? அன்றைக்குக் கண்ணில் பட்டது அதன் நிறம் மட்டும்தான். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டுக்கு வந்த ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. போட்டி நடுவர்களும் கேட்கவில்லை.

இந்தத் தொட்டிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவது இவர்தான். கண்ணில் தண்ணீர் தெறிக்கக் கூடாது என்பதால் இந்த மாதம் என் கைக்கு வந்தது. ஆனால் அவர் இதையெல்லாம் கவனிக்கிற ஆள் இல்லை.

டிசம்பர் 13, வெள்ளி

விடாத மழை. துணி காயவில்லை. குறிப்பு எழுதவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

அன்றைக்கு வியாழக்கிழமை. எனக்கு மத்தியான ஷிப்ட். இவர் சென்னையில். பத்தரை மணி வாக்கில் துணி காயப்போடப் போனபோது நீலக்கோட்டுத் தேனீ ஒன்று துளசியைச் சுற்றி வந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தேன். குளிர்ந்தால் பூச்சி மரத்துப்போய் அசையாமல் இருக்கும் என்று கழகத்தில் ஒருவர் யாரிடமோ குசுகுசுவென்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. டீ ஊற்றுகிறவள் காதில் எல்லாம் விழும். பாட்டிலைப் பிரிட்ஜில் பால் சட்டிக்குப் பின்னால் வைத்தேன். இருபது நிமிஷம். வெளியே எடுத்துத் தீக்குச்சியால் தள்ளிப் பத்துமணிப்பூவின் நடுவில் வைத்தேன். இஸ்திரி போடும்போது துணிக்குத் தண்ணீர் அடிக்கிற குப்பியில், குதிகால் வெடிப்புக்கு வாங்கி வைத்திருந்த கிளிசரினையும் கலந்து அடித்தேன். துளிகள் உருண்டு நின்றன. என் பங்கு பதினெட்டு முடிந்ததும் அவர் பங்கு பதினெட்டையும் எடுத்தேன். கடைசிப் படம் எடுத்ததும் தேனீ பறந்துபோய்விட்டது. நடந்தது இவ்வளவுதான்.

பிலிமைக் கழுவிவரப் பம்பாய்க்குத் தபாலில் அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து ஸ்லைடுகள் வந்தன. இவர் ஜன்னல் பக்கம் போய் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முப்பத்தாறையும் பார்த்தார். என் சோறு ஆறிப்போயிற்று.

"எத்தனை மணிக்கு எடுத்த?"

"ஆறேகால்."

"நல்லா வந்திருக்கு" என்றார். போட்டிக்கு நான்தான் அனுப்பினேன்.

பாராட்டுக்கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்றைக்கு டீ ஊற்றியது தலைவர். அதற்குப் பிறகு நான் ஞானசௌந்தரி மேடம். எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லி என்ன, ரொம்பவே பிடித்திருந்தது. அதன் பிறகு நானும் கேமராவைத் தொடவில்லை. அடுத்த படம் எங்கே என்று கேட்டவர்களிடம் மூட்டுவலி என்றேன். எனக்கு அப்போது முப்பத்துமூன்று வயது.

இப்போது இவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் எப்படிச் சொல்ல? இந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவர் கேமராவைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தார். தன்னால் மூன்று மார்கழியில் முடியாததை மனைவி ஒரே காலையில் முடித்துவிட்டாள் என்று நம்பி வைத்தார். அது பொய் என்று எழுபத்திரண்டு வயதில் அவருக்குத் தெரிந்தால், எதற்காக வைத்தோம் என்று ஆகிவிடாதா? அவர் என்னை மன்னிப்பாரா என்பதுகூட அப்புறம்தான்.

சொல்லாமல் இருந்தால் என்ன என்றும் தோன்றுகிறது.

டிசம்பர் 20, வெள்ளி

சுடலைமுத்து பெரிய படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் விரித்தான். சோபாவைத் தள்ளிப் போட்டும் இடம் பற்றவில்லை. தேனீ ஒரு பூனை அளவுக்கு இருந்தது. இவர் புதுக்கண்ணோடு அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"ஸ்கூல் பிள்ளைகளைக் கூட்டிட்டு வாரோம் அண்ணாச்சி. அதுகளுக்கு ஒரு பாடம் மாதிரி இருக்கணும். பொறுமையாக் காத்திருந்தா இயற்கை தானாத் தரும்னு கடைசி வரி போட்டிருங்க, சூப்பரா இருக்கும்."

இவர் என் பக்கம் திரும்பினார். "போட்டிருவமா, சௌந்தரி?"

காப்பி போட உள்ளே போய்விட்டேன்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். கேக் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. கோயிலில் தூரத்துப் பலகையில் எழுதியிருந்த பாட்டு நம்பரை இவர் கண்ணாடி இல்லாமலே படித்தார். பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் படித்துக் காட்டினார்.

டிசம்பர் 27, வெள்ளி

காலையில் சொட்டு மருந்து விட்டு முடித்தேன். பின்வாசலில் உட்கார்ந்ததும், "அந்தக் கடைசி வரியை எழுதிருவமா?" என்றார்.

பேனாவை எடுத்தேன். "பொறுமையாக" என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. மூடிவைத்துவிட்டேன்.

"அது ஆறேகால் இல்லத்தான்."

"ம்."

"பதினொரு மணி."

"பதினொண்ணேகால் இருக்கும்" என்றார். "நிழல் அம்புட்டுக் குட்டையா விழுந்திருக்கு."

அவர் முகத்தைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியில் நான்தான் தெரிந்தேன்.

"எப்பத்துலேருந்து தெரியும்?"

"ஸ்லைடு வந்த அன்னைக்கே தெரியும். பத்துமணிப்பூவுல ஏதுட்டி பனி?"

எனக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். கோபம் வந்தது. இத்தனை வருஷம் இவருக்குத் துரோகம் செய்துவிட்டேன் என்று நினைத்து எத்தனை சண்டையில் விட்டுக்கொடுத்திருக்கிறேன்! இவர் தங்கச்சி வந்து இரண்டு மாதம் இருந்தபோதுகூட வாயைத் திறக்கவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டே கல்லு மாதிரி இருந்திருக்கிய. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா நீ என்ன செய்வ? கழகத்துக்கே போகமாட்ட. எம்புட்டு நாளைக்குப் பெறகு உன்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டானுவ. அன்னைக்கு மேடையில நீ சிரிச்ச சிரிப்பை நான் பாத்தேன்லா."

"அதுக்கு நீங்க ஏன் கேமராவைத் தூக்கி வச்சிய?"

நாற்காலிக் கையை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அந்தத் தேனீ பூவுல படுத்துத் தூங்காது. குச்சியைக் கவ்விக்கிட்டுதான் தூங்கும். நான் திரும்பத் தோட்டத்துக்குப் போனா, என்னைக்காவது அது கெடைக்கும். கெடைச்சா எடுக்காம இருக்க என்னால முடியாது. எடுத்தா நாலு பேரு பாப்பான். உன்னோடதையும் பக்கத்துல வச்சுப் பாப்பான். அதான் போகவே வேண்டாம்னு இருந்துட்டேன்."

தோற்றுப்போய் அவர் கேமராவை வைக்கவில்லை. எனக்குக் காவலாக உட்கார்ந்திருக்கிறார். அவர் எனக்காகப் பயந்து தோட்டத்துக்குப் போகாமல் இருந்தார், நான் அவருக்குப் பயந்து போகாமல் இருந்தேன். தோட்டம் மட்டும் ஞாயிறுதோறும் அதுபாட்டுக்கு விடிந்துகொண்டிருந்திருக்கிறது. அதை நினைத்ததும்தான் அழுகை வந்தது. பதக்கத்துக்காக இல்லை. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மண்ணில் கிடந்த அந்தக் காலைகள் இனி எந்தக் கடையிலும் கிடைக்காது.

"பெறகு எதுக்கு இந்தப் பொய்யை எல்லாம் வரிவரியாச் சொல்லி என்னை எழுத வச்சிய?"

"எந்த வரியில நிப்பாட்டுவன்னு பாத்தேன்."

"நிப்பாட்டலேன்னா?"

"அப்படியே சுடலைகிட்டக் குடுத்திருப்பேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

டிசம்பர் 28, சனி

பேச்சு இல்லை. சொட்டு மருந்து மட்டும் நேரத்துக்கு விட்டேன். கத்தரிக்காயில் உப்புக் கூடிவிட்டது, இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

டிசம்பர் 29, ஞாயிறு

விடிந்ததும் குறிப்பை நானே புதிதாக எழுதினேன். எழுதி முடித்ததும் சுடலைமுத்துவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, வாசல்ல வேற படம் வச்சிரலாம். யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவன் கேமரா வாங்கினானாம். எனக்கு இது தெரியாது.

"அதையே வை. நான் எழுதித் தாரதைப் பக்கத்துல ஒட்டு."

"சின்னப் பிள்ளைக வருமேக்கா."

"அதுக்குத்தாம்ல ஒட்டச் சொல்லுதேன்."

பிறகு பின்வாசலுக்குப் போய் இவர் எதிரில் உட்கார்ந்து வாசித்தேன். இரண்டு நாளைக்குப் பிறகு இவரிடம் நான் வாய் திறந்தது அப்போதுதான்.

"'இந்தப் படத்தில் இருப்பது பனி அல்ல. துணிக்குத் தெளிக்கும் குப்பியில் கிளிசரின் கலந்து நான் அடித்த தண்ணீர். நேரம் விடிகாலை அல்ல, பதினொரு மணி தாண்டிய வெயில். தேனீ தூங்கவில்லை. அதைப் பிடித்துப் பிரிட்ஜில் இருபது நிமிஷம் வைத்து மரத்துப்போகச் செய்தேன். இந்தத் தேனீ பூவில் படுத்துத் தூங்காது என்பதும், இந்தப் பூ பத்து மணிக்கு முன் விரியாது என்பதும் என் கணவருக்குத் தெரியும். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. படம் எடுத்து முடிந்ததும் தேனீ பறந்துபோனது.'"

தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"பறந்துச்சா?"

நான் தாளைப் பார்த்தேன்.

"அது ஒண்ணுதான் உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். மத்ததெல்லாம் எனக்கே தெரிஞ்சு போச்சு" என்றார். "முப்பத்தாறு படம் எடுத்திருந்த. முப்பத்தாறும் தெளிவா இருந்துச்சு, ஒண்ணு கலங்கல. எனக்கு ஒரு ரோல்ல நாலு தேறினா அதிசயம். உசிரோட இருக்கது அப்படி நிக்காது சௌந்தரி. சிறகாவது துடிக்கும். நான் ஒவ்வொண்ணா வச்சு வச்சுப் பாத்தேன், காலு ஒரு எடத்துலயாவது மாறியிருக்கான்னு."

பதினேழாம் தேதி இந்த நோட்டிலும் பறந்துபோய்விட்டது என்றுதான் எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டு. கை நடுங்காமல் எழுதியிருக்கிறேன்.

"இல்லத்தான். பறக்கல."

அவர் காத்திருந்தார்.

"கீழ்த்தட்டுல வைக்கல. மேல ஐஸ் பெட்டியில வச்சேன், சீக்கிரம் குளிரட்டும்னு. இருபது நிமிஷமும் இல்ல. அடுத்த வீட்டு லில்லி வந்து பேசிட்டிருந்தா. முக்கால் மணி நேரம் ஆயிட்டு. எடுக்கும்போதே... எனக்கு அப்பவே தெரியும். வெயில் பட்டா எந்திரிக்கும், எந்திரிக்கும்னு சொல்லிக்கிட்டே எடுத்தேன்."

"பெறகு?"

"கையில வச்சு ஊதிப் பாத்தேன். ஷிப்டுக்கு நேரமாச்சு. தீப்பெட்டியில பஞ்சு வச்சு, அதுல போட்டு, ஹேண்ட்பேக்குல எக்ஸ்சேஞ்சுக்கே கொண்டு போனேன். லைன் போட்டுக்கிட்டே தெறந்து தெறந்து பாத்தேன். ஷிப்ட் முடியுற வரைக்கும் பாத்தேன்."

அழுதுவிட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஜெபத்தில்கூடச் சொன்னதில்லை. ஒரு தேனீக்காக இப்படி அழுவாளா ஒருத்தி என்று யாராவது பார்த்தால் கேட்டிருப்பார்கள். இவர் கேட்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் முகத்தைத் துடைத்தார். கண்ணில் துணி படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நானும் தடுக்கவில்லை.

"அதையும் எழுது" என்றார்.

மடியில் தாளை வைத்துக் கடைசி வரியை அடித்தேன். இருபது நிமிஷத்தையும் அடித்தேன். ஐஸ் பெட்டி, முக்கால் மணி நேரம், இந்தப் படத்தில் இருப்பது செத்த தேனீ என்று எழுதினேன். இந்த முறை கையெழுத்து கோணவில்லை. கோயிலில் இரண்டாம் மணி அடித்துவிட்டார்கள், நாங்கள் இரண்டு பேரும் இன்னும் குளிக்கவே இல்லை.

"முதல்லேருந்து வாசி" என்றார்.

வாசித்தேன். முடியும்வரை அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.